ரப்பர் பாலின் நுண்துகள்களும் குறுகிய குழாயின் ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திற்பரப்பு, கீரிப்பாறை பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் கூழ்மம் (திரவத்தில் கரையாமல் மிதக்கும் நுண்துகள்களின் கலவை) என்ற பாடத்தைப் புத்தகப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் வீட்டு மரத்தில் கட்டிய சிரட்டையில் நிறைவது கூழ்மம்தான். அந்தப் பால் மரப்பட்டைக்குள் முடியைவிட மெல்லிய குழாய்களில் ஓடி வருகிறது. ஆக, குறுகிய இடத்தில் அடைபட்ட துகள், அதைத் தள்ளும் ஓட்டம், துகளின் தானான அசைவு என மூன்றும் ஒரே மரத்தில் சேர்ந்திருக்கின்றன. மாணவர்களும் சில தோட்டக்காரர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் 30 டிகிரி வெப்பநிலைக்குப் போட்டவை. வேறாகச் சொல்லாத இடங்களில், நிறைய நீர் கலந்து துகள்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால் எந்த வகையில் கூழ்மம்?

பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர் இருக்கிறது. அது கரைந்து இருப்பதில்லை; உருண்டைத் துகள்களாக மிதக்கிறது. துகளின் விட்டம் 0.05 மைக்ரானிலிருந்து 3 மைக்ரான் வரை. 1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துகளின் மேலும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை உண்டு. அது எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, ஒட்டாமல் நிற்கின்றன. அமோனியா ஊற்றினால் பால் கெடாமல் இருப்பதும், ஆசிட் ஊற்றினால் உறைவதும் இந்த மின்னூட்டத்தைச் சார்ந்தவையே.

ஓட்டமே இல்லாதபோது துகள் எவ்வளவு தூரம் நகரும்?

நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டே இருப்பதால் துகள் ஓயாமல் அலைகிறது. 1827இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்களில் இதைக் கவனித்தார். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்குக் கொடுத்தார்: வெப்பநிலை கூடினால் விரவல் குணகம் (துகள் தன் அலைச்சலால் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் காட்டும் எண்) கூடும், திரவத்தின் பாகுத்தன்மை கூடினாலும் துகளின் ஆரம் கூடினாலும் குறையும்.

1 மைக்ரான் விட்டமுள்ள துகளுக்கு நீரில் விரவல் குணகம் நொடிக்குச் சுமார் 0.55 சதுர மைக்ரான். அதாவது ஒரு திசையில் பார்த்தால் ஒரு நொடியில் ஏறக்குறைய 1 மைக்ரான் நகர்ந்திருக்கும். ஒரு நிமிடத்தில் 60 மைக்ரான் போகாது, சுமார் 8 மைக்ரான்தான். ஒரு மணி நேரத்தில் 63 மைக்ரான். நேரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும், ஏனென்றால் துகள் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கணக்கில் 1 சென்டிமீட்டர் நகர மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் வேண்டும். வேறு எதை மறந்தாலும் இந்த எண்ணை மட்டும் மறக்க வேண்டாம். பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று. 1908இல் பிரான்சில் விக்டர் ஆன்ரி என்பவர் நுண்ணோக்கியோடு திரைப்படக் கேமராவை இணைத்து இந்த அசைவைப் படம் பிடித்தார். அவர் எடுத்துக்கொண்ட துகள் ரப்பர் பால் துகள். பாலில் ஆசிட் சேர்த்தபோது அசைவு குறைந்ததையும் பதிவு செய்தார். அவர் அளந்த எண்கள் ஐன்ஸ்டைன் கணக்கோடு பொருந்தவில்லை. அதே காலத்தில் ழான் பெரின் இன்னும் சீரான துகள்களைக் கொண்டு அளந்து கணக்கை உறுதிப்படுத்தினார். அதற்காக 1926இல் நோபல் பரிசும் பெற்றார். பெரின் பயன்படுத்திய மஞ்சள் பிசின், நாம் மீன்குழம்பில் போடும் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த மரத்திலிருந்து வருவது. அணுக்கள் உண்மையிலேயே உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டதில் இந்த இரண்டு மரங்களுக்கும் இடமிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுவர் பக்கத்தில் இருந்தால் அசைவு மாறுமா?

மாறும், நன்றாகவே குறையும். துகள் நகரும்போது சுற்றியுள்ள நீரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. சுவரை ஒட்டிய நீர் அசையாது. ஆகவே சுவர் அருகில் துகளுக்கு இழுவை கூடுகிறது. ஐன்ஸ்டைன் கணக்கில் இழுவை கூடினால் விரவல் குறைய வேண்டும்.

துகளின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே துகளின் ஆரத்தளவு இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவருக்கு இணையான திசையில் விரவல் குணகம் 72 சதவீதமாகக் குறையும். சுவரை நோக்கிய திசையில் பாதிக்கும் கீழே இறங்கும். ஒரே துகள்தான், ஆனால் திசைக்கு ஒரு விரவல்! இரண்டு தட்டைச் சுவர்களுக்கு நடுவே, துகளின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளியில், சரியாக நடுவில் இருந்தால்கூட சுவருக்கு இணையான விரவல் 56 சதவீதமாகிவிடும். இந்தக் கணக்குகளின் அடிப்படை 1920களில் ஸ்வீடன் நாட்டு ஃபாக்சென் செய்த வேலை.

சரி, ஓட்டம் வந்தால் விரவல் கூடுமா, குறையுமா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. குழப்பமும் இதில்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குழாயின் குறுக்குவாட்டில், அதாவது நடுவிலிருந்து சுவரை நோக்கிய திசையில், சீரான ஓட்டம் துகளின் விரவலை மாற்றுவதில்லை. இவ்வளவு சிறிய குழாயில் ஓட்டம் கலங்காது, ஒவ்வொரு படலமும் தன் வழியில் நேராகப் போகும். குறுக்கே தள்ள ஓட்டத்தில் எதுவும் இல்லை. துகள் குறுக்கே போக வேண்டுமென்றால் அதற்குத் தன் பிரௌனியன் அசைவு, அதாவது பிரௌன் கவனித்த அந்தத் தானான அலைச்சல், மட்டுமே துணை.

நீளவாட்டில் கதை முற்றிலும் வேறு. குழாயின் நடுவில் திரவம் சராசரியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. சுவரில் வேகம் பூஜ்யம். ஒரே இடத்தில் புறப்பட்ட இரண்டு துகள்களில் நடுவில் இருப்பது முந்திக்கொள்ளும், ஓரத்தில் இருப்பது பின்தங்கும். குறுக்கு விரவலால் துகள்கள் படலம் மாறும். முந்தியது ஓரத்துக்கு வந்து தாமதிக்கும், பின்தங்கியது நடுவுக்குப் போய் விரையும். இந்த மாறி மாறிப் போகும் போக்கின் விளைவு, கூட்டம் ஒட்டுமொத்தமாக நீளவாட்டில் பரவுவது. ஓட்டத்தோடு சேர்ந்து நகர்ந்துகொண்டு பார்த்தால் அது வெறும் விரவல் போலவே தெரியும், அதன் குணகம் மட்டும் மிகப் பெரியதாக இருக்கும்.

1953இல் ஜி. ஐ. டெய்லர் மெல்லிய குழாயில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை ஓடவிட்டு இதை விளக்கினார். 1956இல் ஆரிஸ் கணக்கைப் பொதுவாக்கினார். இன்று டெய்லர்–ஆரிஸ் பரவல் என்கிறோம்.

எவ்வளவு பெரியது? ஓர் எண் சொல்லுங்கள்.

விட்டம் 25 மைக்ரான் உள்ள குழாய் ஒன்று. ரப்பர் மரத்தின் பால்குழாய்களும் சில பத்து மைக்ரான் அகலம்தான். சராசரி ஓட்டம் நொடிக்கு 10 மைக்ரான் என்று மெதுவாகவே வைப்போம். துகள் 1 மைக்ரான்.

முதலில் ஒரு விகிதம் வேண்டும்: ஓட்ட வேகத்தைக் குழாயின் ஆரத்தால் பெருக்கி விரவல் குணகத்தால் வகுப்பது. இதற்குப் பெக்லே எண் என்று பெயர். நம் கணக்கில் அது சுமார் 225. டெய்லர்–ஆரிஸ் விதிப்படி, பெக்லே எண்ணை வர்க்கப்படுத்தி 48ஆல் வகுத்து 1ஐக் கூட்டினால், நீளவாட்டுப் பரவல் எத்தனை மடங்கு கூடும் என்பது வந்துவிடும். விடை 1,000 மடங்குக்குச் சற்று மேல்.

ஆக, நொடிக்கு 0.55 சதுர மைக்ரானாக இருந்த குணகம் 590ஐ ஒட்டிப் போகிறது. ஒரு மணி நேரத்தில் துகள் கூட்டம் 36 மில்லிமீட்டர் தூரம் ஓடியிருக்கும். அதனோடு முன்னும் பின்னுமாகச் சுமார் 2 மில்லிமீட்டர் பரவியும் இருக்கும். ஓட்டம் இல்லாவிட்டால் அதே ஒரு மணி நேரத்தில் 63 மைக்ரான்தானே பரவியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெரிய துகளுக்கு விரவல் குறைவு. அப்படியானால் அது குறைவாகத்தானே பரவும்?

ஓட்டம் இருந்தால் நேர்மாறு. நல்ல மாணவர்களும் சறுக்கும் இடம் இது.

குறுக்கு விரவல் மெதுவாக இருந்தால் துகள் ஒரே படலத்தில் அதிக நேரம் தங்கும். நடுவில் இருப்பது நெடுநேரம் முந்திக்கொண்டே போகும், ஓரத்தில் இருப்பது நெடுநேரம் பின்தங்கிக்கொண்டே இருக்கும். ஆக, இடைவெளி பெரிதாகிறது. வேகமாக விரவும் சிறு துகள் அடிக்கடி படலம் மாறி எல்லா வேகத்தையும் சமமாக அனுபவிப்பதால் கூட்டமாகவே போகிறது.

அதே குழாயில் 0.2 மைக்ரான் துகளுக்குக் கணக்குப் போட்டால், நீளவாட்டுப் பரவல் நொடிக்குச் சுமார் 120 சதுர மைக்ரான். 1 மைக்ரான் துகளுக்கு 590. தன் அசைவில் ஐந்து மடங்கு சோம்பலான துகள், ஓட்டத்தில் ஐந்து மடங்கு கூடுதலாகப் பரவுகிறது. முன்பு ஒரு கேள்வியில் பார்த்த சுவர் விளைவையும் இதில் சேர்த்துப் பாருங்கள். சுவர் குறுக்கு விரவலைக் குறைக்கிறது. அதனால் ஓட்டத்தில் நீளவாட்டுப் பரவலைக் கூட்டுகிறது. அடைபட்டால் பரவல் குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இந்த விதி எப்போதும் பொருந்துமா?

இல்லை. துகள்கள் குழாயின் குறுக்களவு முழுவதையும் ஒருமுறையாவது சுற்றி வந்திருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அதற்கு 5 நிமிடத்தை ஒட்டிய நேரம் வேண்டும். அதற்குள் திரவம் 3 மில்லிமீட்டர் ஓடிவிடும். குழாயே 1 மில்லிமீட்டர்தான் என்றால் டெய்லர் விதியைக் கொண்டு கணக்குப் போடக் கூடாது. நுண்குழாய்ச் சில்லுகளில் வேலை செய்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் எண்களை எழுதுவதுண்டு.

ஆரம்ப நேரத்தில், சுவர் இன்னும் உணரப்படாத கட்டத்தில், படலங்களுக்கிடையே வேக வேறுபாடு சீராக இருந்தால் நீளவாட்டு இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரி நேரத்தின் மூன்றாம் அடுக்கில் வளரும். சாதாரண விரவலில் அது நேரத்தோடு நேர் விகிதம். பதிவு செய்த காணொளியில் இந்த வளர்ச்சியைப் பார்த்தால், ஓட்டம் கலந்திருக்கிறது என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

குழாயில் எந்தத் துகள் முதலில் வெளியே வரும்?

பெரியது. துகளின் மையம் தன் ஆரத்தைவிட நெருக்கமாகச் சுவரிடம் போக முடியாது. எனவே பெரிய துகள் மிக மெதுவான ஓரப் படலத்துக்குள் நுழைவதே இல்லை, அதன் சராசரி வேகம் திரவத்தின் சராசரியைவிடக் கூடுதல். 25 மைக்ரான் குழாயில் 0.2 மைக்ரான் துகள் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே முந்தும். 1 மைக்ரான் துகள் 8 சதவீதம். 3 மைக்ரான் துகள் 20 சதவீதத்துக்கு மேல். துகள் திரவத்தைவிடச் சற்றுத் தயங்கி நகர்வதற்கான சிறு திருத்தத்தை இதில் விட்டிருக்கிறேன்.

1974இல் ஹாமிஷ் ஸ்மால் இந்த முறையில் செயற்கை லேடெக்ஸ் துகள்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் ஆய்வகங்களில் பயன்படும் முறை.

ஆனால் மரத்திலிருந்து வரும் பால் கெட்டியாயிற்றே? அதற்கும் இதே கணக்கா?

அல்ல. மூன்றில் ஒரு பங்கு ரப்பர் என்றால் துகள்கள் தோளோடு தோள் நிற்கின்றன. அப்போது ஓட்டம் குறுக்கு விரவலையும் மாற்றும். வேகமான படலத்தில் வரும் துகள் மெதுவான படலத்தில் இருப்பதை உரசி முந்தும்போது இரண்டும் பக்கவாட்டில் விலகுகின்றன. இப்படி ஆயிரம் உரசல் சேர்ந்தால் அது ஒரு புதிய விரவல். இதன் அளவு வேகச் சரிவையும் (குறுக்கே போகப் போக ஓட்ட வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது) துகள் ஆரத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. வெப்பநிலைக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. 1987இல் லெய்ட்டனும் அக்ரிவோஸும் இதைத் தெளிவாக்கினார்கள். அதோடு துகள்கள் உரசல் மிகுந்த ஓரத்தைவிட்டு நடுவை நோக்கி மெல்ல நகர்வதையும் விளக்கினார்கள்.

எது மேலோங்கும் என்று அறிய, துகள் தன் ஆரத்தளவு தூரம் விரவ ஆகும் நேரத்தைப் பாருங்கள். 1 மைக்ரான் துகளுக்கு அரை நொடிக்கும் சற்றுக் குறைவு. வேகச் சரிவு நொடிக்கு 2ஐத் தாண்டினாலே ஓட்டத்தின் கை ஓங்கத் தொடங்குகிறது. பெரிய துகள்களுக்கு இன்னும் எளிதில் ஓங்கும்.

கோதையாற்றிலும் இப்படித்தான் கலக்கிறதா?

இல்லை. ஆற்று நீர் சுழன்று கலங்கி ஓடுகிறது, அந்தக் கலக்கமே கலப்பைச் செய்கிறது. நாம் பேசும் குழாயில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் கலங்குமா என்பதைக் காட்டும் விகிதம்) ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அங்கே சுழலுக்கு இடமே இல்லை.

பால் வெட்டிய பிறகு ஓட்டம் ஏன் தானாக நின்றுவிடுகிறது?

விடியலில் பால்குழாய்க்குள் அழுத்தம் 10 வளிமண்டலத்தை ஒட்டி இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அது இறங்கிவிடும். இருட்டோடு பால் வெட்டப் போவதன் காரணம் அதுதான். பட்டையை வெட்டியதும் அழுத்தம் சட்டென்று விழுந்து பால் பாய்கிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ஓட்டம் நிற்கிறது.

பாலில் ரப்பர் துகளோடு லூட்டாய்டு என்ற நுண்பைகளும் இருக்கின்றன. அவற்றுக்குள் அமிலத்தன்மையுள்ள நீரும் நேர்மின்னூட்டப் புரதங்களும் உண்டு. அழுத்தம் விழும்போது சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் குழாய்க்குள் ஏறுகிறது, பால் நீர்க்கிறது, பைகள் வீங்குகின்றன. சுவரோரம் உரசலும் கூடுதல். பைகள் உடைந்து, உள்ளிருந்தது ரப்பர் துகளின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்துவிட, துகள்கள் ஒட்டிக் குழாயின் வாயை அடைக்கின்றன. மறுவெட்டுக்கு முன் வெட்டுவாயிலிருந்து உரித்தெடுக்கும் ஒட்டுப்பாலின் தொடக்கம் இங்கேதான். எத்திஃபான் என்ற பால் பெருக்கும் மருந்தைப் பூசினால் இந்த அடைப்பு தள்ளிப்போய்ப் பால் அதிக நேரம் ஓடுகிறது.

ஓட்டம் இதில் இன்னொரு வழியிலும் பங்கேற்கிறது. மின்னூட்டம் தணிந்த துகள்கள் ஒட்டுவதற்கு முதலில் மோத வேண்டும். மோதல் பிரௌனியன் அசைவாலும் நடக்கும், படலங்களின் வேக வேறுபாட்டாலும் நடக்கும். இரண்டையும் ஒப்பிடும் கணக்கைத் தந்தவர் ஸ்மோலுகோவ்ஸ்கி. 1 மைக்ரான் துகளுக்கு வேகச் சரிவு நொடிக்கு 10 அளவில் இருந்தால் இரண்டும் சமம். விகிதம் ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் 3 மைக்ரான் துகளுக்கு நொடிக்கு 0.4 போதும். ஒருமுறை சிறு கட்டி சேர்ந்துவிட்டால் அது இன்னும் வேகமாக வளரும். ஓட்டமே தன்னை அடைத்துக்கொள்ள வழி செய்கிறது.

ஆசிட் ஊற்றினால் தானே பரவிக்கொள்ளாதா? ஏன் கிளற வேண்டும்?

ஃபார்மிக் ஆசிட் மூலக்கூறு மிகச் சிறியது, ரப்பர் துகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக விரவும். அப்படியிருந்தும் அசையாத நீரில் 1 சென்டிமீட்டர் போக ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். ஆசிட் விழுந்த இடத்தில் பால் உடனே உறைந்து அதன் வழியையும் மறித்துக்கொள்ளும். தட்டில் ஒரு மூலை கட்டியாகவும் மறு மூலை பாலாகவும் நிற்பது இதனால்தான். நீர் கலந்த ஆசிட்டை ஊற்றி உடனே சீராகக் கிளறி, நுரையை வழித்துவிட்டு, பிறகு அசைக்காமல் விட வேண்டும். உறையத் தொடங்கிய பிறகும் கிளறினால், மேலே சொன்ன மோதல் கணக்குப்படி ஆங்காங்கே கட்டிகள் சேர்ந்து ஷீட் சீராக வராது.

குழாய் துகளின் விட்டத்தை நெருங்கினால்?

துகள்கள் ஒன்றையொன்று முந்த முடியாமல் வரிசையில் நிற்கும். ஒரு துகள் நகர வேண்டுமென்றால் முன்னால் உள்ளவை எல்லாம் நகர வேண்டும். அப்போது இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரி நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் வளரும், சாதாரண விரவலைவிட மிக மெதுவாக. ஓட்டம் இருந்தால் வரிசை மொத்தமும் ஒன்றாகத் தள்ளப்படும். படலம் மாற இடமில்லாததால் டெய்லர் பரவலுக்கும் வாய்ப்பில்லை.

இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா?

முடியும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். அமோனியா சேர்த்த பாலை வடிகட்டி, ஒரு சொட்டை ஒரு லிட்டர் நீரில் கலக்குங்கள். 100 மைக்ரான் உள்விட்டமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடி நுண்குழாய் ஒன்று, 40 மடங்கு பொருளருகு லென்ஸ் உள்ள நுண்ணோக்கி, அதன் கண்லென்ஸில் பொருத்திய கைபேசி, துகளைத் தொடரும் இலவச மென்பொருளான ஃபிஜி ஆகியவை போதும். ரப்பர் பால் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அமோனியா வேலையைச் சன்னலோரம் செய்யுங்கள்.

முதலில் இரு முனையையும் மூடி, ஓட்டமில்லாமல் விரவலை அளக்க வேண்டும். ரப்பர் நீரைவிட லேசானது. 1 மைக்ரான் துகள் நிமிடத்துக்குச் சுமார் 3 மைக்ரான் மேலேறும், காலம் தாழ்த்தினால் மேற்சுவரிலிருந்து 10 மைக்ரான் அளவுக்குள் கூடிவிடும். அதன் பிறகு அளந்தால் உங்களுக்குக் கிடைப்பது சுவரோர விரவல். குழாயை நிரப்பிய உடனே நடுப்பகுதியிலும், ஒரு மணி நேரம் கழித்து மேற்சுவரோரமும் அளந்தால் ஃபாக்சென் சொன்ன குறைவு கண்ணெதிரே வந்துவிடும்.

அடுத்து ஓட்டம். இரு முனையிலும் நீர்த்தொட்டி வைத்து ஒன்றை 1 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். அந்தச் சின்ன வேறுபாடே நொடிக்கு ஏறக்குறைய 80 மைக்ரான் சராசரி ஓட்டத்தைத் தரும். இந்த வேகத்தில் 5 சென்டிமீட்டர் குழாயைத் திரவம் 11 நிமிடத்துக்குள் கடந்துவிடும், குழாயின் குறுக்களவைத் துகள் சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே இதில் டெய்லர் விதியைத் தேட வேண்டாம். குறுக்குவாட்டு இடப்பெயர்ச்சியை மட்டும் தனியே பிரித்து, ஓட்டமில்லாதபோது நடுப்பகுதியில் அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அளவீட்டுப் பிழைக்குள் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளவாட்டில் ஒவ்வொரு துகளின் வேகத்தையும் சுவரிலிருந்து அதன் தூரத்துக்கு எதிராக வரைபடம் போட்டால் பரவளைய வடிவம் கிடைக்கும். குழாய் உருளையாக இருப்பதால் ஒளி வளைந்து தூரம் தவறாகத் தெரியும். குழாயைச் சுற்றி கிளிசரினை நிரப்பி மேலே கண்ணாடித் துண்டால் மூடினால் அந்தப் பிழை பெருமளவு போய்விடும்.